வாயைக் கட்டினால் போதுமா?

"வாயைக் கட்டு, எடை தானா இறங்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இரண்டு பிள்ளைகள்தான் ஞாபகம் வருவார்கள்.

கேம்பிரிட்ஜில் மரபியல் ஆய்வாளர் ஸ்டீபன் ஓ'ராஹிலி குழுவினர் பரிசோதித்த உறவுக்காரப் பிள்ளைகள். சிறுமிக்கு 8 வயது, 86 கிலோ. பையனுக்கு 2 வயது, 29 கிலோ! சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடியும் பசி. வீட்டில் எவ்வளவு ஏச்சு கேட்டிருப்பார்களோ.

சோதித்தால், இருவர் ரத்தத்திலும் லெப்டின் அநேகமாக இல்லவே இல்லை. கொழுப்புச் செல்கள் சுரந்து, மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன் அது. அதைத் தயாரிக்கச் சொல்லும் ஜீனில் (மரபணுவில்) ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். 1997இல் வெளியிட்டார்கள். அப்புறம் அதே குழுவின் சடஃப் ஃபாரூக்கியும் ஓ'ராஹிலியும் தினமும் லெப்டின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சிறுமி ஓராண்டில் 16 கிலோ இறங்கினாள். பையன் 3 வயதில் 42 கிலோ இருந்தவன், 7 வயதில் 32 கிலோ!

சரி, "எனக்கும் அந்த ஊசி கிடைக்குமா" என்று இன்பாக்ஸுக்கு வராதீர்கள். இது மிக அரிதான கோளாறு. நம்மைப் போன்ற குண்டர்களுக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகம்தான். மூளைதான் காதில் போட்டுக்கொள்வதில்லை.