விளம்பரம் வந்ததும் மூடிக்கொண்ட வாய்

அக்கா தன் பேத்திக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் வாத்துகள் ஆடிக்கொண்டிருந்தன.

கண் திரையில். வாய் மட்டும் தானாகத் திறக்கிறது. கையில் வருவது பருப்பா கீரையா என்று குழந்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நடுவில் விளம்பரம் வந்தது.

வாய் மூடிக்கொண்டது. அக்கா பதறிப்போய் இடது கையால் விளம்பரத்தைத் தள்ளிவிட்டாள். பாட்டு வந்தது, வாய் திறந்தது.

குழந்தைக்கு ஒன்றரை வயது. 2 வயதுக்குள் திரையே வேண்டாம், எப்போதாவது உறவினரோடு வீடியோ அழைப்பு மட்டும் போதும் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அதன் பிறகு 5 வயது வரை நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்.

கவனம் முழுவதும் திரையில் இருந்தால் வயிறு நிறைந்ததுகூடக் குழந்தைக்குத் தெரியாது. நமக்கும்தான்.

சொன்னேன். "அப்படியானால் நீயே வந்து தினமும் ஊட்டு" என்றாள். அதுவும் நியாயம்தான். மகள் வேலைக்குப் போகிறாள், இவளுக்கு முழங்கால் வலி. குழந்தையை இடுப்பில் வைத்துக் காக்காய் காட்டி ஊட்ட யாரால் முடியும்?

அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை முதலில் அணைத்தேன். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சோறு போட்டுக் குழந்தையின் முன்னால் வைத்தேன். பாதி தரையில், கால்வாசி தலையில். மீதி உள்ளே போனது.

எதிரே மாப்பிள்ளை தட்டருகே கைப்பேசியை வைத்துக் கிரிக்கெட் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் சொல்லிவிட்டேன்.