நைலான் இழையும் எலியின் உடல்வெப்பமும்

பக்கவாத ஆய்வுக்காக எலியின் நடு மூளைத் தமனியை அடைக்கும் அறுவையைக் கற்க வருபவர்களுக்கு, இழையை உள்ளே செலுத்துவதில்தான் கவனம் முழுவதும் இருக்கும். அந்த அறுவையைத் தொடர்ந்து செய்துவரும் எனக்கோ, விலங்கைப் பேணும் விதமே முடிவுகளின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஜப்பானில் கொய்சுமி 1986-இல் அறிமுகப்படுத்திய இம்முறையை லோங்காவும் அவருடைய சகாக்களும் 1989-இல் மாற்றியமைத்தனர். மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை. கழுத்தின் நடுவே கீறி, தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பொதுக் கரோட்டிட் தமனியை ஒட்டிச் செல்லும் வேகஸ் நரம்பை நசுங்காமல் விலக்கி, வெளிக் கரோட்டிட் தமனியைக் கட்டி வெட்டி, எஞ்சிய அடித்துண்டின் வழியே நுனி மழுங்கிய நைலான் இழையை மூளைக்குப் போகும் உட்கரோட்டிட் தமனிக்குள் விடுகிறோம். ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள எலியில், தமனி பிரியும் இடத்திலிருந்து 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை சென்றதும் மெல்லிய தடையொன்று விரலுக்குத் தட்டுப்படும். அதன்பின்னும் தள்ளினால் தமனி கிழிந்து மூளையுறைக்கு அடியில் இரத்தம் கசியும். ஆனால் இழை பக்கக் கிளைக்குள் புகுந்துவிட்டாலும் தடை தெரியும் என்பதால், இரத்த ஓட்டத்தை ஒளியால் அளக்கும் லேசர் டாப்ளர் கருவியில் மூளையின் இரத்த ஓட்டம் சட்டென்று வீழ்ந்ததைப் பார்த்த பிறகே அடைப்பு நேர்ந்ததாகக் கொள்கிறேன்.

மயக்கத்தில் இருக்கும் எலியின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ச்சியோ மூளையைக் காக்கும். எம்கே-801 என்ற மருந்து ஜெர்பில் என்னும் எலி போன்ற சிறு விலங்குகளின் மூளையைக் காத்ததாகக் கருதப்பட்டபோது, அதற்கு அம்மருந்து உண்டாக்கிய வெப்பக் குறைவே காரணம் என்று புக்கனும் புல்சினெல்லியும் 1990-இல் காட்டினார்கள். அது மூளை முழுவதற்கும் இரத்தத்தைத் தடுத்துச் செய்த ஆய்வு என்றாலும், எங்கள் மேசைக்கும் அது பொருந்தும். ஹீட்டிங் பேடை நம்பி விட்டுவிடாமல், மலக்குடலில் வைத்த வெப்ப உணரியை அறுவை முழுவதும் பார்த்துக்கொண்டே 37 டிகிரியில் நிறுத்த வேண்டும்.

அறுவைக்குப் பின்னும் வேலை முடிவதில்லை. வெளிக் கரோட்டிட் தமனியை வெட்டுவதால் மெல்லும் தசைகளுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. கடினமான பெல்லட் தீவனத்தைக் கடிக்க முடியாமல் எலி மெலிந்து சோர்ந்தால், அந்தச் சோர்வும் நரம்புக் குறைபாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். தீவனத்தை நீரில் குழைத்துக் கூண்டின் தரையிலேயே தட்டில் வைப்பது, தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன் ஏற்றுவது, வலி மருந்தைத் தவறாமல் கொடுப்பது ஆகியவற்றை நான் அறுவையின் பகுதியாகவே கற்பிக்கிறேன். எந்த எலிக்கு எந்தச் சோதனை மருந்து என்பது அறுப்பவருக்குத் தெரியாதிருக்க வேண்டும். இறந்துபோன எலிகளும், விலக்கப்பட்டவையும் காரணத்தோடு அறிக்கையில் இடம்பெற வேண்டும்.