ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகும் டெபியன்

அக்கா மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் புது லேப்டாப் வாங்கினோம். விண்டோஸ் அதிலேயே இருந்தது. கூடவே லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனும் வேண்டும் என்றாள். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்தேன். பூட் அமைப்பில் கை வைத்தால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட்டை அணைக்கவில்லை. 2019இல் வந்த டெபியன் 10 முதலே அது தடையில்லை.

டெபியன் 12 அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. பென்டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம்.

“மாமா, விண்டோஸ்தான் வருது.”

எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் டெபியனின் கிரப் மெனு வரவே இல்லை. எஃப்2 அழுத்தி லேப்டாப்பின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனால், பூட் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் மட்டும்தான் இருந்தது.

பென்டிரைவ் பழைய லெகசி முறையில் கிளம்பியிருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அப்படியானால் இப்போதைய பூட் முறையான யூஇஎஃப்ஐயின் பட்டியலில் பெயர் ஏறாது. அதே பென்டிரைவிலிருந்து, பழுதுபார்ப்பதற்கான ரெஸ்க்யூ மோடுக்குப் போய்ப் பார்த்தேன். சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ முறை, இல்லையென்றால் லெகசி. ஃபோல்டர் இருந்தது. சரி, காரணம் அதுவல்ல.

அடுத்து, பூட் பட்டியலைக் காட்டவும் மாற்றவும் உதவும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை. 0000 என்ற எண்ணில் விண்டோஸ் இருக்கிறது, டெபியன் வரியே இல்லை. ஆனால் பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷனைத் திறந்தால் டெபியன் ஃபோல்டரும் உள்ளே ஷிம் (செக்யூர் பூட் ஏற்று முதலில் கிளப்பும் ஃபைல்), கிரப் ஃபைல்களும் பத்திரமாக இருக்கின்றன. ஆள் இருந்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத நிலைமை.

பெயரை நானே சேர்த்தேன். எந்த டிஸ்க், எத்தனாவது பார்ட்டிஷன், ஷிம் ஃபைல் எங்கே என்று மூன்றையும் கொடுத்ததும் 0003 டெபியன் என்று வரிசையில் முதலாவதாக வந்து நின்றது. ரீஸ்டார்ட். மறுபடியும் விண்டோஸ். திரும்ப ரெஸ்க்யூ மோடுக்குப் போனால் 0003 போயே போய்விட்டது!

அப்போதுதான் விஷயம் புரிந்தது. இந்தப் பட்டியல் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில் உள்ள, அணைத்தாலும் அழியாத நினைவகமான என்விராமில் இருக்கிறது. நான் எழுதியது சரியாகத்தான் பதிவானது. மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருளான இந்த ஃபர்ம்வேர்தான் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தனக்குப் பழக்கமில்லாத பெயரைத் துடைத்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியவர் தன் கணினியில் எழுதியதை அழிப்பது எந்த வகையில் நியாயம்? எனக்குக் கோபமே வந்தது.

அப்புறம் ஒன்று தோன்றியது. பென்டிரைவுக்கு யாரும் பெயர் எழுதி வைப்பதில்லை, ஆனாலும் அது பூட் ஆகிறதே? அதற்கென்றே யூஇஎஃப்ஐயில் ஒரு பொதுப் பாதை உண்டு. இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற ஃபைல். பெயர்ப் பதிவு இல்லாத டிஸ்க்கில் ஃபர்ம்வேர் இதைத்தான் தேடும்.

அந்த இடத்தில் ஏற்கெனவே விண்டோஸின் ஃபைல் ஒன்று இருந்தது. அதை முதலில் ஒரு பென்டிரைவுக்கு நகல் எடுத்தேன். இந்த வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். விண்டோஸ் பூட் ஆகும் சொந்த ஃபைல் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் தனியாக இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை. பிறகு ரெஸ்க்யூ மோடிலேயே கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 பேக்கேஜை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் மூலம் மறு அமைப்புச் செய்தேன். கழற்றி மாட்டும் சாதனங்களுக்கான பாதையிலும் கிரப்பை நிறுவட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன். வெறும் ஃபைலை நகலெடுத்து வைப்பதைவிட இது நல்லது. பதிலை டெபியன் நினைவில் வைத்துக்கொள்வதால் அடுத்தடுத்த கிரப் அப்டேட்டுகளும் அங்கே போய்ச் சேரும்.

எஃப்2 பட்டியலில் இப்போது எஸ்எஸ்டியின் பெயரில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. அதை மேலே நகர்த்திச் சேமித்தேன்.

கிரப் மெனு வந்தது. “வந்துருச்சு மாமா!” என்று அவளே என்டர் தட்டினாள். நம்பிக்கையில்லாமல் மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் வந்தது. விண்டோஸின் பழைய ஃபைல் உள்ள பென்டிரைவ் அவள் லேப்டாப் பையில் இருக்கிறது, 48 இலக்கத் தாள் அக்கா வீட்டு பீரோவில்.