“பிள்ளைகளை நான்தானே பாக்கேன்”

“பிள்ளைகள் ரெண்டு பேர் உண்டுல்லா?” என்று, எங்களிடம் வேலை பார்த்து இறந்துபோன பெண்ணின் அண்ணனிடம் கேட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் கேட்காமல் விடவில்லை.

“பிள்ளைகளை நான்தானே பாக்கேன் சார்” என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் இறந்தவரின் பி.எஃப். பணத்தைக் கேட்கும் படிவம் 20-ஐ மேனேஜர் மேசையில் வைத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார், நான் சீல் வைத்தேன். இரண்டு மாதத்தில் பி.எஃப். பணமும் காப்பீட்டுப் பணமும் அண்ணன் கணக்குக்குப் போயின. இரண்டும் சேர்த்து நாலேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அவர் சொன்னதில் பொய் இல்லை. தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் மார்த்தாண்டத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் அவர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அந்தத் தங்கையை வளர்த்தவரும் அவர்தான். ஆனால் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று நான் கேட்கவில்லையே. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காதில் விழுந்ததும் மனசு லேசாகிவிட்டது. அந்த லேசான மனசோடுதான் சீல் வைத்தேன்.

அந்தத் தங்கை எங்கள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், சேர்ந்தது 2002-ல், பத்தொன்பது வயதில். உடைப்புப் பிரிவு. தனக்குப் பிறகு பி.எஃப். பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நியமனப் படிவத்தை அன்றைக்கு எழுதியது நான். திருமணமாகாதவர், நியமனதாரர் அண்ணன். அப்போது அது சரியான படிவம். 2004-ல் கல்யாணம். 2005-ல் பெண், 2009-ல் பையன். 2015-ல் வீட்டுக்காரர் இறந்துபோனார். 2022-ல் அவளும் போனாள்.

இரண்டு பிரசவத்துக்கும் பேறுகால விடுப்பு கொடுத்திருக்கிறோம். அப்போது 12 வாரம்தான், 26 வாரம் ஆனது 2017-ல். விடுப்புப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக இரண்டு இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதே அலமாரியில், ஒரு தட்டு கீழே, ‘திருமணமாகாதவர்’ என்று நானே எழுதிய நியமனப் படிவம். ஏறக்குறைய பதினேழு வருடம் இரண்டும் ஒரே பூட்டுக்குள் கிடந்தன. நியமனத்தை மாற்றிக் கொடுக்க வேண்டியது தொழிலாளிதான் என்று ஒருவர் சொல்லலாம். நானே எத்தனையோ முறை எனக்குச் சொல்லிக்கொண்டேன். அண்டி உடைக்க வரும் பெண்களிடம் அதை யார் சொல்ல வேண்டும்? அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

2024 ஜூனில் அவளுடைய மகள் வந்தாள். நர்சிங் படிக்கிறாள். கூடப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அப்பா இறந்ததால் பி.எஃப். பென்ஷன் வருகிறதாம்.

“சார், அம்மைக்க பைசா எங்களுக்குக் கிடையாதா?”

“மாமா வாங்கினாருல்லா மக்களே” என்றேன்.

“மாமாவா?” என்றாள். அவளுக்குத் தெரியவே தெரியாது.

அன்று இரவு பி.எஃப். திட்டத்தை எடுத்து முதல்முறையாக ஒழுங்காக வாசித்தேன். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் படிவங்களை நிரப்பியவன், விதியை அன்றுதான் வாசித்தேன். 1952-ம் வருடத் திட்டம், 61-ம் பத்தி. குடும்பம் இல்லாதபோது யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். பிறகு குடும்பம் என்று ஒன்று வந்துவிட்டால் பழைய நியமனம் அப்போதே செல்லாததாகிவிடும். பெண் உறுப்பினருக்குக் குடும்பம் என்றால் கணவர், பிள்ளைகள், அவளையோ கணவரையோ நம்பி இருக்கும் பெற்றோர். அண்ணன் அதில் இல்லை. செல்லுபடியாகும் நியமனம் இல்லையென்றால் குடும்பத்தில் இருக்கிறவர்களுக்குச் சமமாகப் பிரியும். அதாவது அந்த இரண்டு பிள்ளைகளுக்கு, ஆளுக்குப் பாதி.

குழித்துறையில் ஒரு வக்கீலிடம் அவளைக் கூட்டிப் போனேன். “கல்யாணம் நடந்த அன்னைக்கே அந்தப் பேப்பர் செத்துப்போச்சு” என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். நியமனதாரர் என்பவர் பணத்தைக் கை நீட்டி வாங்குகிறவர்தான், பணம் வாரிசுகளுக்குரியது என்று 1984-லேயே ஒரு காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டதாம். எங்கள் பக்கத்தில் நியமனம் என்றால் உயில் மாதிரிதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பென்ஷன் கதை தனி. அது நியமனத்தைப் பார்த்து வருவது கிடையாது. அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகளுக்கு அனாதை பென்ஷன் உண்டு. ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை. குறைந்தபட்சம் ஆளுக்கு மாதம் 750 ரூபாய். அந்த 750-க்குக்கூட இரண்டு வருடம் யாரும் பென்ஷன் கேட்கும் படிவம் 10-டி போடவில்லை. அண்ணன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது போட்டோம். நிலுவையோடு வந்துவிட்டது. எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தது இது ஒன்றுதான்.

மற்றதற்கு வாரிசு சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் வைத்து மனு போட்டாள். பி.எஃப். ஆபீஸிலிருந்து எங்களிடம் விளக்கம் கேட்டு வந்தது. மேனேஜர் என்னையே எழுதச் சொன்னார். “பதிவேட்டில் இருந்த நியமனத்தின்படி படிவத்துக்கு அத்தாட்சி அளிக்கப்பட்டது” என்று எழுதினேன். ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் பேறுகால விடுப்புப் பதிவேடும் பதிவேடுதானே. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மேனேஜர் எழுதாதே என்று சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை. என் வேலையை நினைத்தேன். என் வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள் உண்டு.

நாலு நாள் கழித்து அந்தப் பதிவேட்டில் இரண்டு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஆபீஸ் காகிதத்தை வெளியே கொடுத்தது முறையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவள் அதையும் மனுவோடு சேர்த்தாள். அண்ணனுக்கு நோட்டீஸ் போனது.

அவர் நேராக என்னிடம்தான் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எடுத்துத் தந்ததும் நீங்க. இப்பம் கள்ளன்னு பேரு வாங்கித் தந்ததும் நீங்கதானா சார்?”

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிக்காக வட்டிக்கு வாங்கிய கடன், அடக்கம், நாற்பதாம் நாள், இந்தப் பெண்ணின் முதல் வருடப் பீஸ் என்று விரல் விட்டு எண்ணினார். மிச்சத்தில் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார். அந்த வீட்டில்தான் பிள்ளைகளும் படுக்கிறார்கள். நான் அன்றைக்கு அந்த நியமனம் செல்லாது என்று சொல்லியிருந்தால், அவரே பிள்ளைகளைக் கூட்டிவந்து வாரிசு சான்றிதழ் எடுத்து அவர்கள் பெயரில் வாங்கிக் கொடுத்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இல்லை, அப்படி நினைத்தால் எனக்கு வசதி, அதனால் நினைக்கிறேனா? தெரியவில்லை. எடுத்த விஷயத்தை அவர் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்ததும் உண்மைதானே.

ஒன்றரை லட்சம் திருப்பிக் கொடுத்தார். பையன் பெயரில் போஸ்ட் ஆபீஸில் கிடக்கிறது. மீதிக்குக் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல்.

“மாமாவக் கோர்ட்டுல நிறுத்த மாட்டேன் சார். தம்பிக்கு அவருதான் எல்லாம்” என்றாள்.

நான் அவளை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமா? அவளுடைய பாதியை அவள் விட்டுக்கொடுக்கலாம். பையனுடைய பாதியை யார் விட்டுக்கொடுப்பது? அவனுக்கு அப்போது பதினைந்து வயது. இதை அவளிடம் சொன்னபோது அழுதாள். அதோடு நிறுத்திவிட்டேன். பி.எஃப். ஆபீஸில் ஃபைல் இன்னும் மூடவில்லை. எங்கள் ஆபீஸ் தரப்பில் பணம் கட்ட வேண்டி வரும் என்று மேனேஜர் பயப்படுகிறார். வரட்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது.

இப்போது அலமாரியில் உள்ள நியமனப் படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். கல்யாணம் ஆனபிறகும் அப்பா பெயரையும் அண்ணன் பெயரையும் வைத்திருப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

போன நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க அந்தப் பெண்ணும் தம்பியும் வந்திருந்தார்கள். பக்கத்து சேவை மையத்துக்குக் கூட்டிப் போனேன். அவள் விரலை வைத்ததும் இயந்திரம் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.

அவள் அம்மாவின் விரலை எந்த இயந்திரமும் எடுக்காது. இருபது வருடம் அண்டித் தோட்டு எண்ணெயில் வெந்த விரல், ரேகையே இல்லை. 2021-ல் ஆன்லைனில் நியமனம் செய்ய எல்லாரையும் கூப்பிட்டபோது அவளும் வந்தாள். ஆதாரில் இறந்துபோன வீட்டுக்காரரின் நம்பர்தான் இருந்தது, ஓ.டி.பி. வரவில்லை. நம்பரை மாற்றக் கைரேகை வேண்டும், அது பதியவில்லை என்று மையத்திலிருந்து திரும்பி வந்து என் மேசைப் பக்கம் நின்றாள். கருவிழியை வைத்துப் பார்க்கச் சொல்லி நானே கூடப் போயிருக்கலாம். கூட்டமாக இருந்தது. “பெறவு பாப்போம், நாளைக்கு வா” என்றேன். மறுநாளும் வந்தாள். அன்றைக்குச் சம்பள நாள், அன்றும் அதையே சொன்னேன்.

இதை அந்தப் பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.