கமுலோஸ் பண்ணை வீடு: மண்சுவரும் ஆரஞ்சுத் தோப்பும்

கலிபோர்னியாவின் வென்ச்சுரா மாவட்டத்தில், பைரு ஊருக்கு அருகே உள்ள ராஞ்சோ கமுலோஸ் பண்ணை வீட்டை இக்னாசியோ டெல் வாயே 1853இல் நான்கு அறைகளுடன் கட்டினார். குடும்பம் பெருக, அறைகளும் பெருகின. அம்மாவட்டத்தில் விற்பனைக்கென ஆரஞ்சு முதன்முதலில் விளைந்ததும் இந்தப் பண்ணையில்தான். வெயிலில் உலர்த்திய சுடாத செங்கல்லால் எழுப்பிய தடித்த சுவர்களும் நீண்ட தாழ்வாரமும்தான் வீட்டின் அழகு. பகட்டு எதுவும் இல்லை. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் வீடு கடுமையாகச் சேதமடைந்தது. 2000இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய மண்சுவருக்குச் சிமெண்ட் பூச்சைப் போல் கெடுதல் வேறில்லை என்பேன். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டோ அதை உள்ளேயே அடைத்துவைத்து, மேற்பரப்பு வழவழவென்று நிற்கும்போதே அடிச்சுவரின் மண்ணை இளக்கி, ஒருநாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.