ஊட்டிக் குளிரில் செடி வளர்க்கும் மீன்தொட்டி

கோவையிலும் சென்னையிலும் சொல்லிக்கொடுக்கும் மீன்தொட்டிக் கணக்கு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் பாதிக்குமேல் ஒத்துவராது. இங்கே மீனையும் செடியையும் தேர்வு செய்வதற்கு முன்னால் தண்ணீரின் சூட்டை முடிவு செய்துவிட வேண்டும். ஹீட்டர் வைப்பதா, வேண்டாமா? என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே.

காரணம் ஆக்சிஜன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். ஆனால் குளிர்ந்த நீர் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் 15 டிகிரி ஊட்டித் தொட்டியும் 28 டிகிரி சென்னைத் தொட்டியும் லிட்டருக்கு சுமார் 7.7 மில்லிகிராம் என்ற இடத்தில் சமமாகிவிடுகின்றன. இதே நீரை 26 டிகிரிக்கு ஏற்றினால் 6 சொச்சம்தான் மிஞ்சும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். சூடாக்கியே ஆக வேண்டுமென்றால் ஏர் பம்ப்பை இரவு முழுக்க ஓட விடுங்கள். இரண்டடித் தொட்டிக்கு 100 வாட் ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் 50 வாட் இரண்டு வையுங்கள். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் மீன் வேகாது.

ஹீட்டர் இல்லாத தொட்டிக்கு முதல் தேர்வு ஒயிட் கிளவுட் மின்னோ. தென்சீன மலை ஓடைகளின் மீன், குளிர் அதற்குப் பழக்கம். ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப் இரண்டும் சரிப்படும். பார்ப் மட்டும் இளம் இலைகளைக் கடித்துப் பார்க்கும். ஏஞ்சல், டிஸ்கஸ் பக்கம் போகவே வேண்டாம். செடிகளில் ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், எஜீரியா, ஹார்ன்வொர்ட் போதும். அனுபியாஸ் சாகாது, ஆனால் குளிரில் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டின் வேர்த்தண்டையும் சரளைக்குள் புதைத்தால் அழுகிவிடும். பருத்தி நூலால் கல்லிலோ கட்டையிலோ கட்டுங்கள்.

60×30×30 செ.மீ. தொட்டியில் 5 செ.மீ. சரளைக்கு சுமார் 14 கிலோ வேண்டும். நீர் 45 லிட்டர் பிடிக்கும். அடிமண்ணுக்குத் தேயிலைத் தோட்டத்து மண்ணையோ உருளைக்கிழங்குக் காட்டு மண்ணையோ அள்ளிவராதீர்கள். கொப்புள நோய்க்கும் கருகலுக்கும் அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடின் தாமிரம் மண்ணில் தங்கியிருக்கும். இறாலும் நத்தையும்தான் முதலில் போகும். தோட்டத்துக்குக் கீழே ஊறும் ஊற்றுநீருக்கும் இதே எச்சரிக்கை, மருந்தடிக்கும் மழைக்காலத்தில் இன்னும் அதிகம்.

மலைநீர் மென்னீர், அதாவது சுண்ணாம்புச் சத்து குறைந்த நீர். இதுதான் இங்கே பலர் சறுக்கும் இடம். கார்பனேட் கடினத்தன்மை (அமிலத்தை முறிக்கும் கார்பனேட்டின் அளவு; இதன் டிகிரி வேறு, சூட்டின் டிகிரி வேறு) 1 டிகிரிக்கும் கீழே போனால் பி.எச். சரிந்து 6-ஐத் தாண்டி இறங்கும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். மீன்களுக்கோ ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அமில நீரில் அது பெரும்பாலும் நஞ்சற்ற அம்மோனியமாகவே இருக்கும். 'பி.எச். குறைவாக இருக்கிறதே' என்று ஒரே நாளில் ஆப்பசோடாவைக் கொட்டினால் அதில் ஒரு பங்கு நஞ்சான அம்மோனியாவாக மாறி, மறுநாள் மீன்கள் செத்து மிதக்கலாம். முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். இருந்தால் அதே தன்மையுள்ள நீரால் தினம் கால்பங்கு மாற்றி அதைக் குறைத்த பிறகே சோடா. 45 லிட்டருக்கு 3 கிராம், கார்பனேட் கடினத்தன்மை சுமார் 2 டிகிரி ஏறும். ஒரு கிராம் வீதம் மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள். நிரந்தர வழி, ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி உடைத்த கிளிஞ்சலைத் துணிப்பையில் வைப்பது. சுடாத கிளிஞ்சல்தான் வேண்டும். சுட்டது சுண்ணாம்பு, அது தொட்டியையே கொன்றுவிடும். மென்னீரில் புதுத்துளிர் சுருண்டு வந்தால் கால்சியம் பற்றவில்லை, அதற்கும் கிளிஞ்சலே மருந்து. பழைய ஃபெர்ன் இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம் குறை.

புதுத் தொட்டி பக்குவப்பட, அதாவது அந்த பாக்டீரியா பெருக, சமவெளியில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். 16 டிகிரியில் இரண்டு மடங்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் தொட்டி ஒன்றிலிருந்து பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அம்மோனியாவும், அது நைட்ரேட்டாகும் வழியில் உண்டாகும் நஞ்சான நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் வாங்காதீர்கள்.

விளக்கு ஆறு மணி நேரம், டைமரில். குளிரில் செடி மெதுவாக வளர்வதால் அதற்கு மேல் கொடுக்கும் வெளிச்சத்தைத் தின்பது பாசிதான்.

மேட்டுப்பாளையம் வழியாக மீன் கொண்டுவருவோர் கவனத்துக்கு: கீழே கட்டும் பை மேலே ஏற ஏற உப்பும். கடையில் காற்றை முழுக்க அடைக்க விடாதீர்கள், தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். வந்ததும் கால்மணி நேரம் மிதக்கவிடுவதெல்லாம் 28-லிருந்து 16-க்குப் பத்தாது. மூடிய பெட்டியில் ஐந்தாறு மணி நேரம் மெல்ல ஆறட்டும், பையைத் திறந்து ஏர் கல்லைப் போட்டு. அவசரப்பட்டால் ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய் தாக்கலாம். சூட்டில் ஒரு வாரத்துக்குள் முடியும் அந்த ஒட்டுண்ணியின் சுழற்சி குளிரில் பல வாரம் இழுக்கும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் மறுபடி வரும், குறைந்தது இன்னும் இரண்டு வாரம் தொடருங்கள்.