நீலத் தார்ப்பாய்க்குக் கீழே

ஜூன் 2, மண்டபம்

காலையிலேயே மச்சான் போன். நேற்று நாட்டுப்படகில் வந்த விளமீன் 11 கிலோவை ஏலக் கொட்டகையில் வைத்தே படம் எடுத்து மதுரை வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான், செவுளைத் தூக்கிக் காட்டித்தான் எடுத்திருக்கிறான், ஆனால் அவர் "செவுளு கறுத்துக் கெடக்கே, முந்தாநாள் மீனா?" என்று கேட்டு விலையை இறக்கிவிட்டாராம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, வருகிற கொஞ்ச மீனுக்கும் இப்படி ஆனால் வயிறு எரியாதா?

படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். செவுள் நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. அதோடு ஐஸும் நீலம், தெர்மகோல் பெட்டியும் நீலம், அவன் கட்டைவிரல் நகமும் நீலம். மீனில் ஒரு குறையும் இல்லை. மேலே கட்டியிருக்கிற தார்ப்பாயின் நிறம் எல்லாவற்றின் மேலும் இறங்கியிருக்கிறது.

ஜூன் 3

ஸ்டுடியோவை மதியம் வரை பூட்டிவிட்டுக் கரைக்குப் போனேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லாம் நீலமாகத்தான் பட்டது. ரெண்டு மூணு நிமிஷத்தில் கண் பழகி, தெர்மகோல் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இதுதான் சிக்கலே. அங்கேயே நின்று வேலை செய்கிற மச்சானுக்கு அந்த நீலம் தெரியவே தெரியாது, கேமராவுக்கு மட்டும் தெரியும்.

தார்ப்பாய் வழியாக வருகிற வெயிலில் நீலம் தாராளமாக இறங்குகிறது, சிவப்பு பெரும்பாலும் மேலேயே நின்றுவிடுகிறது. செவுள் சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால் சிவப்பு வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்பி வரணும். வராதபோது கறுத்துத்தான் தெரியும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துகொள்வதுதான் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். அது பல்பு, டியூப்லைட், வெயில், நிழல் இவற்றையெல்லாம் ஓரளவு சமாளித்துவிடும். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்கில் (எண் ஏற ஏற நீலம் கூடும்) குண்டு பல்பு சுமார் 2,800, நடுப்பகல் வெயில் 5,500 பக்கம், நிழல் 7,000, 8,000 என்று போகும். தார்ப்பாய் அந்த வரிசையிலேயே சேராது. போனில் கெல்வினைக் கடைசி வரை, 10,000 வரை தள்ளிப் பார்த்தேன், அப்போதும் நீலம் விடவில்லை.

பெட்டியின் மூடியை மீன் பக்கத்தில், அதே வெளிச்சம் படுகிற மாதிரி சாய்த்து வைத்து இன்னொரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் மூடியின்மேல் அம்புக்குறியை வைத்துப் பார்த்தால், 0 முதல் 255 வரை போகிற அளவில் சிவப்பு 142, பச்சை 188, நீலம் 226. வெள்ளை மூடி என்றால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். படம் திருத்தும் மென்பொருளின் கர்வ்ஸ் பகுதியில், தட்டிய இடத்தைச் சாயமில்லாத சாம்பலாக்குகிற உறிஞ்சுகுழல் ஒன்று இருக்கிறது, அதை எடுத்து மூடியின்மேல் ஒரு தட்டு. மூன்றும் 190 பக்கம் வந்து நின்றன, செவுள் சிவந்தது.

ஒன்று கவனிக்கணும். மூடி படத்தில் வெளுத்துப்போய் 255-ஐத் தொட்டிருந்தால் இந்த வேலை நடக்காது. மூன்று நிறமும் மேலே போய் முட்டிக்கொண்டால் எது எவ்வளவு கூடுதல் என்பதே தெரியாமல் போய்விடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுக்கணும். ஐஸ்கட்டியை வெள்ளையென்று நம்பித் தட்டக்கூடாது, அது பக்கத்தில் இருக்கிற நிறத்தையெல்லாம் வாங்கிக் காட்டும்.

ஜூன் 5

இன்றைக்கு நண்டு. ஆண் நீலக்கால் நண்டு ஒரு கூடை நிறைய. ஆட்டோவில் எடுத்தால் நண்டு சாம்பலாகவும் பலகை ஆரஞ்சாகவும் வந்தது. ஆட்டோவின் கணக்கு எளிது: படத்தில் உள்ள நிறங்களையெல்லாம் கலக்கினால் சாம்பல் வரும் என்று பல நேரம் எடுத்துக்கொள்ளும். கூடை முழுக்க நீலம் என்றால் அந்த நீலத்தைத் தவறென்று நினைத்து உருவிவிடும். நேற்று முன்தினம் போக வேண்டிய நீலம், இன்றைக்கு இருக்க வேண்டிய நீலம்! அதனால்தான் ஆட்டோவை விட்டுவிட்டு ஒரு வெள்ளையையோ சாம்பலையோ கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 18 சதவீதச் சாம்பல் அட்டை வைத்திருப்பவர்கள் அதை வைக்கலாம், கரையில் நமக்குத் தெர்மகோல் மூடி போதும்.

மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல் படத்தில் மூடி இருக்கணும், அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் மற்ற படங்கள். போனில் படம் திருத்துகிற ஸ்னாப்சீட் செயலியில் ஒயிட் பேலன்ஸுக்குப் போய் உறிஞ்சுகுழலை மூடியில் வைத்தால் போதும். "இம்புட்டுத்தானா மாப்ளே?" என்றான். ஆமா, பாதி இம்புட்டுத்தான்.

ஜூன் 6

நேற்று ராத்திரி 11 மணிக்குச் சரிசெய்து அனுப்பிய படங்களெல்லாம் காலையில் பார்த்தால் மறுபடி நீலம் அடிக்கிறது. போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை தானாக இயங்கியிருக்கிறது. திரை மஞ்சளாக இருந்ததால், படம் மஞ்சளாக இருக்கிறதென்று நானே நீலத்தைக் கூட்டியிருக்கிறேன். எண்களைப் பார்க்காமல் கண்ணை நம்பி ஓட்டியதன் பலன். மச்சானிடம் மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்து அனுப்பினேன். நிறம் பார்க்கும் வேலை என்றால் அந்த மஞ்சள் திரையை முதலில் அணைக்கணும்.

ஜூன் 9

அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கடல்பாசி எடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார், விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, துணி இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி ஒரு இழை ஒட்டியிருந்தது. திண்ணையில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். பக்கத்துச் சுவர் கிளிப்பச்சை. அதில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அத்தையின் இடது கன்னத்திலும் கழுத்திலும் பச்சையாக விழுந்து, காய்ச்சல் வந்தவர் மாதிரி காட்டியது.

இங்கே உறிஞ்சுகுழல் வேலைக்கு ஆகாது. படம் முழுக்கப் பச்சையைக் குறைத்தால் வெயில் பட்ட வலது கன்னம் மெஜந்தாவாகிறது (ஊதா கலந்த இளஞ்சிவப்பு, பச்சைக்கு எதிர்நிறம்), சுவரும் சாயம்போகிறது. சுவர் பச்சைதானே, அது அப்படியே இருக்கட்டும். கன்னத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிரித்து, பச்சை-மெஜந்தா அளவைக் கூட்டிக் குறைக்கிற டின்ட்டை மெஜந்தா பக்கம் மிகக் கொஞ்சமாக நகர்த்தினேன். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா (RAW) கோப்பாக எடுத்திருந்ததால் நிதானமாகச் செய்ய முடிந்தது. வழக்கமான ஜேபெக் (JPEG) படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும். ரா கோப்பில் 12 அல்லது 14 பிட், அதாவது ஆயிரக்கணக்கான படிகள் இருக்கும், இழுவைக்குத் தாங்கும்.

ஆட்டோ பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். பச்சை போனது, கூடவே அத்தையின் நிறமும் ரெண்டு படி வெளுத்துவிட்டது. அதை உடனே அழித்தேன். ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் உப்புத்தண்ணீரிலும் நின்ற முகம் அது, அந்தக் கறுப்பில் நான் கைவைக்க மாட்டேன். கல்யாண ஆல்பங்களில் நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிப் பெண்ணை வெளுக்க வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சாயத்தை எடுப்பது வேறு, ஆளை மாற்றுவது வேறு. படத்தைக் காட்டியபோது அத்தை நெடுநேரம் பார்த்தார். "நான்தான்யா" என்றார்.

ஜூன் 11

அத்தை மகள் போனை உறையில் போட்டுத் தண்ணீருக்குள் எடுத்த படங்களைக் கொடுத்து, சரிசெய்யச் சொன்னாள். ஓர் ஆள் ஆழத்தில் எடுத்தவை தேறின, சிவப்பைக் கூட்டினால் கஞ்சிப்பாசியும் மணலும் பிரிந்து தெரிகின்றன. ஆழத்தில் எடுத்தவற்றில் சிவப்பு ஏறக்குறையப் பூஜ்யம், தண்ணீர் குடித்துவிட்டது. இல்லாததை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பொரிப்பொரியாகச் சிவப்புப் புள்ளிதான் வரும். அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தேன்.

ஜூன் 17, பாம்பன்

தடை முடிந்து படகு வந்துவிட்டது. கரையில் நிற்க இடமில்லை. காலை வெயில் கொட்டகையின் ஒரு ஓரமாக உள்ளே விழுவதால் பாரை மீனின் தலை மஞ்சள், வால் நீலம். மூடியை எந்தப் பக்கம் வைத்தாலும் மறுபக்கம் கெடும். அத்தைக்குச் செய்த மாதிரி மாஸ்க் போடலாம், ஆனால் ஏலம் நடக்கிற நேரத்தில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மச்சான் கொட்டகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே ஏறி ஒரு மூலைத் தார்ப்பாயை அவிழ்த்து மடித்துக் கட்டினான், அந்த ஓட்டையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் கயிறு போட்டான். கீழே பலகையில் நிழல் மெத்தென்று, ஒரே சீராக விழுந்தது. விளமீனை வைத்து, செவுளைத் தூக்கி, மூடியோடு ஒரு படம். அங்கேயே எண்ணைப் பார்த்தேன்: 201, 203, 199.

ஒன்றும் செய்யாமல் அப்படியே அனுப்பினோம்.